தளத்தை முடக்கினால் உத்தரவையும் காட்டுங்கள்

அனுப்புநர்:
கணினிப் பயிற்சி நிலையம் நடத்துபவர்,
ஊத்துக்குளி,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: இணையதளங்களை முடக்கும் உத்தரவுகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட மத்திய அரசுக்குப் பரிந்துரைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊத்துக்குளியில் பத்துக் கணினிகளை வைத்து ஒரு சிறிய பயிற்சி நிலையம் நடத்தி வருகிறேன். பகலெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங், மடிப்பு வேலை பார்த்துவிட்டு, ஷிப்ட் முடிந்து மாலை ஏழு மணிக்கு வரும் பெண் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் படிக்கிறார்கள். கால் வலியோடு வந்து உட்கார்ந்து, ஒன்பது மணி வரை கற்றுக்கொண்டு போகிறவர்கள்.

சில வாரங்களுக்கு முன் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, நிரல் எழுதிப் பழகும் ஒரு தளம் திடீரெனத் திறக்கவில்லை. அரசு உத்தரவின்படி முடக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. எந்த உத்தரவு, என்ன தேதி, எதற்காக, யாரிடம் முறையிடுவது, ஒன்றும் இல்லை. என் கைப்பேசியில் இருப்பது வேறு நிறுவனத்தின் சிம். அதில் அதே தளம் நன்றாகவே திறந்தது. இணைப்பு தந்த நிறுவனத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். "மேலிடத்து உத்தரவுங்க, நாங்க ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார்கள். பத்து நாள் கழித்துத் தளம் தானாகத் திறந்தது. அதற்கும் காரணம் தெரியாது.

பத்து நாள் பாடம் தடைப்பட்டதை நான் எப்படியோ சரிக்கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த வரியைத் திரையில் பார்த்த 19 வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, "அக்கா, நான் ஏதாச்சும் தப்பாப் பார்த்துப்போட்டனுங்களா? வீட்டுக்குப் போலீஸ் வருங்களா?" என்று கேட்டாள். நான்கு நாள் வகுப்புக்கு வரவில்லை. வீட்டில் கைப்பேசியையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பயம். இப்போது வருகிறாள். ஆனால் முன்பெல்லாம் தானாகவே எதையாவது தேடி நோண்டிக்கொண்டிருந்தவள், இன்று ஒவ்வொரு பக்கத்தையும் திறக்கும் முன் "இதைப் பார்க்கலாமுங்களா?" என்று என்னைக் கேட்கிறாள். அதற்காகத்தான் இந்த மனு.

எதையுமே முடக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் கடன் செயலிகளையும் சூதாட்டச் செயலிகளையும் மத்திய அரசு முடக்கியபோது மனதார வரவேற்றேன். அந்தக் கடன் செயலிகளால் அவமானப்பட்ட குடும்பங்களை எனக்கே தெரியும். முடக்குவதற்கு அரசுக்குச் சட்டமும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69ஏ பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக, அந்தக் காரணத்தை எழுத்தில் பதிந்து முடக்கலாம் என்கிறது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் அதே சட்டத்தின் 66ஏ பிரிவைச் செல்லாது என்று ரத்து செய்தபோதும் இந்த 69ஏ-வை விட்டுவைத்தது. காரணம் எழுத்தில் இருப்பதால் பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்க முடியும் என்பதை அதற்கு ஒரு காரணமாகவும் சொன்னது.

சரி, அந்த எழுத்து எங்கே? 2009-இல் வந்த முடக்கல் விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் அதன் மேல் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. கண்ணில் காட்டாத உத்தரவை எந்த நீதிமன்றத்தில் எதிர்ப்பது?

நம் திருப்பூர் இதைவிடக் கடுமையான உத்தரவைப் பார்த்த ஊர். சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டுப்போன வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. ஆனாலும் என்ன குறை, எதைச் சரிசெய்தால் திறக்கலாம் என்று உத்தரவைப் படித்தவர்களுக்குத் தெரிந்தது. கழிவுநீரை வெளியே விடாத அமைப்பைப் போட்டவர்கள் திரும்பத் திறந்தார்கள். ஒரு நாள் பராமரிப்பு மின்தடைக்குக்கூட ஊர் பெயரோடு, நேரத்தோடு முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. வாசிக்கும் பக்கம் நின்றுபோனால் மட்டும் எங்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை.

இது என் வகுப்பறையோடு போகவில்லை. 2014 டிசம்பரில் உலகம் முழுக்க நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் உட்பட 32 தளங்கள் ஒட்டுமொத்தமாக முடங்கின. 2017 ஆகஸ்டில், திருட்டுத்தனமாகப் படம் வெளியிடும் தளங்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவில், பழைய நூல்களைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் சிக்கிக்கொண்டது. 2025 பிப்ரவரியில், பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முழுவதுமே திறக்காமல் போனது. ஒரு படத்தின் மேல் ஆட்சேபம், போனதோ அத்தனை ஆண்டுகளின் கட்டுரைகளும். அந்தப் படத்தை விகடன் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும், தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. விகடனால் வழக்குப் போட முடிந்தது. ஊத்துக்குளியில் உட்கார்ந்து ஒரு சின்னத் தளம் நடத்துகிறவர் என்ன செய்வார்?

வெளியிட முடியாது என்பதும் சரியில்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை முடக்கியபோது மத்திய அரசே பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரி 10 அன்று, காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளிலும் அது இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்கே இணையத்தை நிறுத்தும் உத்தரவை வெளியிடலாம் என்றால், ஒரு தளத்தை முடக்கும் உத்தரவை ஏன் வெளியிடக் கூடாது?

ஆகவே, முடக்கப்பட்ட பக்கத்திலேயே உத்தரவு எண், தேதி, சட்டப் பிரிவு, சுருக்கமான காரணம், முறையிட வேண்டிய முகவரி ஆகியவற்றைத் தமிழிலும் காட்ட இணைய நிறுவனங்களுக்கு ஆணையிடுமாறும், 16ஆவது விதியைத் திருத்துமாறும் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன். குழந்தைகளைச் சீரழிக்கும் தளங்களின் முகவரியை வெளியிட வேண்டியதில்லை, அது எனக்கும் புரிகிறது. அப்புறம், தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டே ஒன்று உண்டு. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. அப்படி ஒரு நாள் இங்கே வரவே கூடாது. வந்தால், அரசின் உத்தரவு நகலை அன்றே ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகப் பலகையிலும் தமிழில் ஒட்ட ஏற்பாடு செய்ய வேண்டும்.

அன்று திரையில் வந்த வரியைப் படமெடுத்து இத்துடன் இணைத்துள்ளேன். மனுவின் மேல் எடுக்கும் நடவடிக்கையைத் தமிழில் எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தை வகுப்பில் அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: ஊத்துக்குளி
இணைப்பு: கணினித் திரையில் வந்த வரியின் படம் – 1