ராத்திரியில ஃபோன் எடுக்க ஒரு ஆள் வேணும்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்று வந்தா என்ன பண்றதுன்னு இப்பவே திட்டம் போடுறீங்கன்னு கேள்விப்பட்டேன், ரொம்ப நல்ல விஷயம். ஆனா அதுலயும் அதே பழைய வரிதான் இருக்கு, "லேசான அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும், குடும்பத்தினர் கவனித்துக்கொள்ள வேண்டும்". கொரோனா காலத்துல இந்த ஒரு வரிய நம்பி எத்தனை குடும்பம் தவிச்சுதுன்னு உங்களுக்கே தெரியும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதனால நேராவே கேக்குறேன். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் ஒரு நர்ஸோ டாக்டரோ எடுத்துப் பேசுற ஒரு நம்பர் வேணும்.

2021ல கொரோனா வந்த எங்க அப்பாவ வீட்டுல வச்சுத்தான் பாத்தோம். ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்கு கீழ போனா உடனே தொடர்பு கொள்ளவும்னு ஒரு பேப்பர் குடுத்திருந்தாங்க. ஒரு நாள் நடுராத்திரி, விரல்ல மாட்டி அந்த அளவ பாக்கிற ஆக்ஸிமீட்டர்ல 92 காட்டுது, விரல மாத்தி வச்சா 95, திரும்ப வச்சா 91. அப்பாவோ எழுந்து உக்காந்து எனக்கு ஒண்ணும் இல்லடா நீ போய் தூங்குங்கறாரு. விரல் சில்லுன்னு இருக்கறதால தப்பா காட்டுதா இல்ல நெஜமாவே இறங்குதா, யார கேக்குறது? அம்மா அவர் கைய ரெண்டு கையாலயும் தேச்சு சூடு பண்ணிட்டே இருக்காங்க, நான் அந்த பேப்பர்ல இருந்த நம்பருக்கு அடிக்கிறேன், கைய சோப்பு போட்டு கழுவுங்கன்னு ரெக்கார்ட் பண்ணின குரல் ஓடுது, அப்புறம் லைன் கட். திரும்ப அடிச்சா திரும்ப அதே குரல். விடியற வரைக்கும் எங்களுக்கு பதில் சொல்ல ஒரு மனுஷன் கிடைக்கல.

இது எங்க பயம் மட்டும் இல்லைங்க. மூச்சு வாங்காம, நல்லா பேசிட்டு இருக்கும்போதே சிலருக்கு ஆக்சிஜன் இறங்கிடும்னு 2020லயே டாக்டருங்க எச்சரிச்சாங்க. விரல் சில்லுன்னு இருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அந்த மெஷின் தப்பா காட்டும். கறுப்பா இருக்கறவங்களுக்கு உள்ளத விட கூடுதலா காட்ட வாய்ப்பு இருக்குன்னு 2020 டிசம்பர்ல அமெரிக்க ஆய்வு ஒண்ணும் வந்துச்சு. அப்படின்னா 95ன்னு பாத்துட்டு நிம்மதியா படுக்கவும் முடியாது. இவ்வளவு சிக்கலான ஒரு முடிவ, எந்தப் பயிற்சியும் இல்லாத, சரியா தூங்காத ஒரு வீட்டு ஆள் தனியா எடுக்கணும்னு விட்டுட்டீங்களே, இது நியாயமா?

பகல்ல உங்க ஆளுங்ககிட்ட இருந்து ஃபோன் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. காய்ச்சல் இருக்கா இருமல் இருக்கான்னு கேட்டு குறிச்சுகிட்டு வச்சிடுவாங்க. பக்கத்துலயே இருந்து பாத்துகிட்ட எங்க அம்மாவுக்கு சுகர் இருக்கு, நீங்க சாப்பிட்டீங்களா தூங்குனீங்களா உங்களுக்கு மாத்திரை இருக்கான்னு ஒருத்தர் கூட கேக்கல. தனி ரூம் தனி பாத்ரூம்னு விதி எழுதுனீங்க, ஒரே ரூம்ல நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு என்ன வழின்னு எழுதல. வேலைக்குப் போனாத்தான் காசுங்கிறவங்க வீட்டுல இருந்து நோயாளிய பாத்துக்கிட்டா அந்த நாள் சம்பளத்த யார் தருவாங்கன்னு எங்கயும் இல்ல. ஆஸ்பத்திரில இடம் இல்லாதப்ப பாதி சுமைய தூக்குனது வீடுங்கதான், ஆனா உங்க கணக்குல வீட்டுக்குன்னு ஒரு வரி கூட இல்ல. எழுத எழுத கோவம் வருது, மன்னிக்கணும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல சரி பண்ண முடியாதுன்னு புரியுது. அதனாலதான் முதல்ல இந்த ஒண்ண கேக்குறேன், ராத்திரியும் ஆள் எடுக்கிற ஒரு நம்பர். எடுக்கிறவங்களுக்கு, இந்த நோயாளிய உடனே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்புற அதிகாரமும் இருக்கணும், வெறுமனே புகார் எழுதிக்கிறவங்களா இருந்தா பிரயோஜனம் இல்ல. லைன் பிஸின்னா அவங்களே திருப்பி கூப்பிடணும். பேசி முடிச்சு வைக்கிறதுக்கு முன்னாடி, பாத்துக்கிறவங்க எப்படி இருக்காங்கன்னும் ஒரு கேள்வி கேட்டுடுங்க.

தயவுசெஞ்சு இத அடுத்த தொற்று வந்தப்புறம் யோசிக்காம, இப்ப போடுற திட்டத்துலயே சேத்துடுங்க.

இப்படிக்கு,
வீட்டுல நோயாளிய பாத்துகிட்ட ஒரு மகன்