கலைக்கு, அந்த ‘நாட் ஃபவுண்ட்’ விஷயமாக

கோயம்புத்தூர்

அன்புள்ள கலை,

உன் மெயில் கிடைத்தது. பெரியவளுக்கு நர்சிங் சீட் கிடைத்த சேதியைக் கடைசி வரியில் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். நீ மாறவே இல்லைடி. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டு மூலையில் இருக்கும் ஒட்டடை எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். எனக்குத்தான் வேலை கூடிவிட்டது.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகைகளை, எல்லா மெஷினும் படிக்கிற யூனிகோடுக்கு மாற்ற நான் அனுப்பிய ஸ்கிரிப்டை (வரிசையாக ஓட வேண்டிய கமாண்டுகளை எழுதிய ஃபைலை), விண்டோஸ் மெஷினில் நோட்பேடைத் திறந்து அதில் ஒட்டி சேவ் செய்து, பென் டிரைவில் டெபியன் லினக்ஸ் மெஷினுக்குக் கொண்டுபோயிருக்கிறாய். நேரடியாக ஓட்டினால் ‘கேனாட் எக்ஸிக்யூட்: ரிக்வயர்டு ஃபைல் நாட் ஃபவுண்ட்’. முன்னால் பாஷ் என்று (நாம் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல் புரோகிராமின் பெயர்) போட்டு ஓட்டினால் ‘லைன் 2: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’, நடுவில் டாலர் குறியும் ஆர் எழுத்துமாக ஏதோ ஒன்று. “எல்எஸ் அடித்தால் ஃபைல் இருக்கு, ஓட்டினால் இல்லைங்குது, பேய் பிடிச்சிருக்கா?” என்று கேட்டிருந்தாய். பேயும் இல்லை, இரண்டு கோளாறும் இல்லை. ஒன்றேதான், இரண்டு வாயால் பேசுகிறது.

இன்ஸ்டிட்யூட்டில் நாம் டைப்பிங் லோயர் பழகிய ரெமிங்டன் டைப்ரைட்டர் உனக்கு மறந்திருக்காது. வரி முடிந்ததும் லீவரைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும்: உருளை சுழன்று தாள் ஒரு வரி ஏறும், கேரேஜ் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். கம்பி வழியே தொலைவிலிருந்து டைப் அடிக்கும் டெலிடைப்பில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி. கேரேஜ் திரும்புவதற்கு (கேரேஜ் ரிட்டர்ன்) 13, தாள் ஏறுவதற்கு (லைன் ஃபீடு) 10. வரி முடிவுக்கு 10 மட்டும் போதும் என்று லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் வைத்துக்கொண்டது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது, விண்டோஸ் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. ஆக, நோட்பேடில் நீ சேவ் செய்தபோது ஒவ்வொரு வரியின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு 13 ஒட்டிக்கொண்டது.

ஸ்கிரிப்டின் முதல் வரி, இதை ஓட்ட வேண்டியது எந்தப் புரோகிராம் என்று சொல்கிறது. லினக்ஸின் மையமான கெர்னல் அந்த வரியை 10 வரும்வரை படித்தது. அதனால் பாஷ் என்ற பெயரோடு 13-ஐயும் சேர்த்துப் பெயராக எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு ஃபைல் உன் மெஷினில் கிடையாது. காணவில்லை என்று அது சொன்னது உன் ஸ்கிரிப்டை அல்ல, அதை ஓட்ட வேண்டிய ஆளை. பழைய பாஷ் ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்றாவது சொல்லி, ஒட்டிக்கொண்ட அந்த 13-ஐயும் காட்டிக் கொடுக்கும். டெபியன் 12-இல் வரும் பாஷ் 5.2 அதை மாற்றிவிட்டது. எனக்கென்னவோ பழைய வாசகமே மேல்.

பாஷ் என்று நீயே முன்னால் போட்டபோது முதல் வரிக்கு வேலை இல்லை. ஆனால் காலியாக இருந்த இரண்டாம் வரியில் 13 மட்டும் உட்கார்ந்திருந்தது. பாஷ் அதையே ஒரு கமாண்டின் பெயர் என்று நினைத்துத் தேடியது. அந்த டாலர், ஆர் எல்லாம் 13-ஐ எழுத்தில் காட்டும் முறை.

‘ஃபைல்’ என்ற கமாண்டை அடித்து, பக்கத்தில் ஸ்கிரிப்டின் பெயரைப் போட்டுப் பார். ‘சிஆர்எல்எஃப்’ (அந்த 13, 10 ஜோடியின் சுருக்கப் பெயர்) என்று வந்தால் நான் சொன்னது சரி. புரோகிராம்களை நிறுவித் தரும் ஏப்டி மூலம், அந்த 13-களை நீக்கும் ‘டாஸ்2யுனிக்ஸ்’ நிறுவி, அதை ஒருமுறை அந்த ஃபைல்மேல் ஓட்டு. தீர்ந்தது.

இனிமேல் எந்தப் பிழை வந்தாலும் முதல் முக்காற்புள்ளிக்கு இடது பக்கம் என்ன இருக்கிறது என்று பார். பேசுகிற ஆளின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பாஷ் என்றிருந்தால் நீ கேட்ட புரோகிராம் கிளம்பவே இல்லை. கிரெப், சிபி என்று நீ கேட்ட கமாண்டின் பெயரே இருந்தால் அது கிளம்பிப் போய் எதிலோ இடித்துக்கொண்டு நிற்கிறது. இது தெரியாமல் தேடினால் பாதி நாள் தவறான இடத்தில் போகும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் எழுதிய ‘எட்’ எடிட்டர் எந்தத் தப்புக்கும் ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டிவிட்டு நிற்கும். அதோடு பார்த்தால் பாஷ் வாயாடி.

நீ ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி இல்லை) வந்ததும் நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் சூடோ போட்டாயாமே, அதை விட்டுவிடு. சூடோவில் உருவான ஃபைல்கள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயரில் போய் உட்காரும், அப்புறம் உன் கடைப் பெண் திருத்தப் போனால் அவளுக்கும் டினைட். பென் டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறை பெரும்பாலும் ஃபேட் வகை. ஓட்டும் அனுமதியை எழுதிவைக்க அதில் இடமே கிடையாது, அனுமதி கொடுக்கும் சிஎச்மாட் கமாண்டை எத்தனை தடவை அடித்தாலும் ஒட்டாது. ஹோம் ஃபோல்டருக்கு எடுத்துப்போட்டு அங்கே அடி.

இன்னொன்று வரப்போகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் ஃபைல் பெயர்கள் ‘ராமசாமி இல்லத் திருமணம்’ என்று இடைவெளி விட்டு இருக்குமே, ஷெல்லுக்கு அது மூன்று ஃபைல். மேற்கோள் குறிக்குள் போடு, அல்லது முதல் எழுத்தை அடித்து டேப் விசையைத் தட்டு, மீதியை அதுவே சரியாக எழுதிக்கொள்ளும். மேற்கோள் குறியையும் நீயே அடி. வேர்டில் போட்டு எடுத்தால் அது வளைந்த குறியாக மாறிவிடும், ஷெல்லுக்கு அது வெறும் எழுத்து.

அடுத்த முறை ஃபோனில் படம் பிடித்து, பாதி வெட்டி அனுப்பாதே. அடித்த கமாண்டும் வந்த பிழையும் முழுசாக, எழுத்தாகவே அனுப்பு. பொங்கல் லீவில் நாகர்கோவில் வருகிறோம், அவர் மட்டும் இன்னும் டிக்கெட் போடவில்லை. முதலில் நாலு ஃபைலை மட்டும் மாற்றி ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் சரியாக விழுந்திருக்கிறதா பார்த்துச் சொல். அதில்தான் எனக்குச் சந்தேகம். ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதே.

அன்புடன்,
மீனா