சம்மாங்கோட் பள்ளியைக் கட்டியவர் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொழும்பு புறக்கோட்டை சம்மாங்கோட் பள்ளிவாசலின் படத்தைச் சென்ற வாரம் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கட்டடம், படம் எடுக்கக் காலை வெயில் நல்லது என்பதோடு விஷயம் முடிந்துவிட்டது. கட்டியவரின் பெயர்கூட இல்லை. இரண்டாம் குறுக்குத் தெருவில் புடவைக் கடையொன்றில் வேலை செய்கிறேன். லுஹர், அஸர் என்ற நண்பகல், பிற்பகல் தொழுகைகளைப் பெரும்பாலும் அந்தப் பள்ளியில்தான் தொழுகிறேன். மனது கேட்காமல் எழுதுகிறேன்.

பள்ளியைக் கட்டியவர் பெயர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. இங்கே வியாபாரம் செய்த தென்னிந்திய முஸ்லிம்கள் ஐவேளைத் தொழுகைக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் ஒரு பள்ளி வேண்டுமென்று விரும்பி, இந்தியக் கலையும் இஸ்லாமியக் கலையும் கலந்த இந்திய-சரசனிக் பாணிக் கட்டடங்களின் படங்களையும் விவரங்களையும் அவரிடம் கொடுத்தார்கள். அவற்றை வைத்துக்கொண்டு 1908இல் வேலை தொடங்கி 1909இல் முடித்தார். அதே 1909இல் கோலாலம்பூரிலும் சிவப்பும் வெள்ளையுமாக ஜமெக் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதை வரைந்த ஆர்தர் பெனிசன் ஹபக் முறையாகத் தொழில் கற்ற ஆங்கிலேயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்மவரின் கை எந்த வகையிலும் குறைந்ததல்ல என்பேன். துணிச்சலில் ஒருபடி மேல்.

வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் நின்று முகப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கோடுகள் படுக்கையாக ஓடும். இன்னோரிடத்தில் தூணை முறுக்கிக்கொண்டு மேலே ஏறும். வேறோரிடத்தில் சதுரங்கக் கட்டம் மாதிரி மாறிவிடும். இரண்டே நிறத்தில் இத்தனை விதம். அதற்கு மேலே மாதுளம்பழ வடிவில் குவிமாடங்கள், மணிக்கூட்டுக் கோபுரம். உயரமான கட்டடங்கள் எழும்புவதற்கு முன்பு, கப்பலில் வந்தவர்கள் இதைப் பார்த்தே கொழும்புத் துறைமுகத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உள்ளே போனால் வேறு உலகம். தெருவில் லொறி ஹோர்ன், கைவண்டி தள்ளும் நாட்டாமிமாரின் "வழி விடுங்க, வழி விடுங்க". செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு வைத்தால் எல்லாம் அமுங்கிவிடும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்த ஈரக்காலோடு தரையில் நிற்கும்போது உள்ளங்காலிலிருந்து ஒரு குளிர்ச்சி ஏறும். லுஹர் முடிந்து தூணில் சாய்ந்து சற்றுக் கண்மூடுகிறவர்களில் முதலாளியும் இருப்பார், அவருடைய மூட்டையைச் சுமந்து வந்தவரும் இருப்பார். இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடம்தான். அதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

சுமார் 500 பேர் தொழுத காலத்திலேயே 1500 பேருக்கென்று கட்டிய பள்ளி இது. 1975இல் ஹாஜி உமர் நம்பிக்கை நிதியத்தின் உதவியோடு பக்கத்துக் காணிகளை வாங்கி விரிவாக்கினார்கள். இப்போது 10,000 பேர் தொழலாம். தேவைக்குச் செய்தது, நல்ல காரியம். அதனாலேயே சாய்பு லெப்பையின் பகுதி எது, பிறகு சேர்ந்தது எது என்று வருகிறவர்களுக்குத் தெரியும்படி ஒரு வரைபடம் வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் முகப்பையும் உட்புறத்தையும் தூண் தூணாக அளந்து வரைந்தால் உங்கள் பத்திரிகை அதை வெளியிடலாமே. அரைப் பக்கம் போதாது, முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று. முகப்புக்குக் குறுக்கே போகும் வயர்களை நிலத்துக்கு அடியில் கொண்டுபோகச் சம்பந்தப்பட்டவர்கள் வழி பார்க்க வேண்டும். மற்ற வீதிகளை விட்டாலும், இந்தப் பள்ளிக்கு முன்னால் உள்ள அந்தச் சிறிய துண்டையாவது முதலில் செய்யட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு-11.