ஓடுகிற மெஷினை ஆக்கருக்குப் (பழைய இரும்புக்கு) போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் குடியிருக்கிறேன். விடியக்காலையில் ரப்பர் பால்வெட்டு, மதியத்துக்கு மேல் புல்வெட்டு, இதுதான் என் பிழைப்பு. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. ஆனால் மழையில்தான் புல் வளரும். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த மாதங்களில் வீட்டுக்குச் சோறு போடுவது தள்ளிக்கொண்டு போகிற என் பெட்ரோல் புல்வெட்டு மெஷின்தான்.

போன அக்டோபர் கடைசியில், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்காகக் கடலோர ஊர் ஒன்றின் கல்லறைத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன். புல்லுக்குள் கிடந்த சிலுவைக் கல் துண்டில் பிளேடு அடித்தது. பிளேடை மூடியிருக்கும் டெக் தகடு விளிம்பிலிருந்து கிழிந்து, எஞ்சின் போல்ட்டுக்கு இரண்டு விரற்கடை தூரம் வரை கீறல் ஓடிவிட்டது. கல் மட்டும் காரணமல்ல. அடியில் அப்பிய ஈரப்புல்லும் உப்புக்காற்றும் தகட்டை ஏற்கெனவே தின்றிருந்தன. ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது.

விற்ற கடையில் டெக் தனியாக வராது என்றார்கள். ஆக்கருக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொன்னார்கள். 30 ஆயிரம் ரூபாய்! எஞ்சினோ ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது.

சரி என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் பிளக் வயரைக் கழற்றினேன். பெட்ரோலையும் ஆயிலையும் வடித்து, பிளேடையும் எஞ்சினையும் தனியே எடுத்தேன். காய்ந்த புல்லைச் சிரட்டைத் துண்டால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோதுதான் நல்ல தகடு எது, செத்த தகடு எது என்று தெரிந்தது. கீறல் முடிகிற நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டேன். அந்தத் துளை இருந்தால் கீறல் மேலே ஓடாது. ஆக்கர் கடையில் அரை கிலோ 2 மி.மீ. தகடு வாங்கி, வளைத்து, டெக்கின் வெளிப்பக்கம் வைத்தேன். உள்பக்கம் வைத்தால் அதன் விளிம்பில் புல் சிக்கி மறுபடியும் துரு பிடிக்கும். போல்ட்டின் உருண்டைத் தலை உள்ளே, நட்டு வெளியே. அப்போதுதான் பிளேடில் எதுவும் தட்டாது.

எஞ்சின் பக்கத்துக் கீறலை மட்டும் வெல்டிங் வைக்கப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெல்லிய தகடு, ஒரே இழுப்பாக வைத்தால் ஓட்டை விழும். பட்டறைக்காரர் பொட்டுப் பொட்டாக வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்தார். அப்புறம் துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு, அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட். தகடு 45, போல்ட் வாஷர் 65, வெல்டிங் 450, பெயிண்ட் வகை 310. மொத்தம் 870 ரூபாய். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அதே தோட்டத்தை முடித்துக் கொடுத்தேன்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் உட்காரும் இடமே அரித்துப்போயிருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று சுற்றுகிறது, கழன்றால் கால் போய்விடும். காந்தம் ஒட்டாத உலோக டெக் என்றால் பெரும்பாலும் அலுமினியம், அதற்கு ஆர்கன் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் துறை 'பழுது நீக்கும் உரிமை'க்கென இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகளும் அதில் ஒரு பிரிவு. புல்வெட்டும் மெஷின்களின் டெக் எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதைக் கம்பெனிகள் அதில் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. நாகர்கோவில் கோணத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை அங்கே மெஷின் பழுதுபார்க்கும் முகாம் நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் கைப்பழக்கம் வரும். தகடும் போல்ட்டும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
புல்வெட்டுத் தொழிலாளி ஒருவர்,
கருங்கல்.