பெண்கள் விடுதி வார்டன்களுக்கு ஒரு மடல்

மதுரையில் பெண்கள் விடுதி நடத்துகிறவர்களுக்கும் வார்டன்களுக்கும் வணக்கம்.

போன மாதம் என் அக்கா மகளை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு விடுதியில் இருந்து போன் வந்தது. 17 வயது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிகரெட் பிடித்தாள் என்றார்கள். ஆபீஸ் ரூமில் நின்ற அரைமணி நேரமும் "குடும்பத்துப் பொண்ணு செய்யுற வேலையா இது?" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்களே தவிர, எந்தக் கடையில் வாங்கினாய், எப்போதிருந்து, ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறி, செக்கானூரணி தாண்டும்வரை வாய் திறக்காதவள் அப்புறம் சொன்னாள். மாதிரித் தேர்வில் மார்க் இறங்கிக்கொண்டே போனது, ராத்திரி முழித்திருக்கணும், இதைப் பிடித்தால் பசிக்காது, உடம்பும் போடாது என்று கூடப் படிக்கிறவள் சொல்லியிருக்கிறாள். மூன்று பேருக்கு ஒரு சிகரெட். "அன்னைக்குத்தான் சித்தி என்னை அவங்க கூட்டத்துல சேர்த்துக்கிட்டாங்க" என்றாள். அப்புறம் புதினா மிட்டாய், விரல் நாற்றம் போகத் தேங்காய் எண்ணெய். நம் ஏச்சுப்பேச்சுக்குப் பயந்து அவள் கற்றுக்கொண்டது இந்த ஒளிவுமறைவு மட்டும்தான்.

எங்கள் அப்பத்தா சுருக்குப்பையில் வெற்றிலையோடு புகையிலையும் வைத்திருந்தது, சாகும்வரை போட்டது. அதன் நடத்தையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. புற்றுநோய்க்கு அதுவும் வழிதானே? அப்படியென்றால் நம் கோபம் அந்தப் பிள்ளையின் நுரையீரலை நினைத்து வந்தது இல்லை. பெண் பிள்ளைக்கு அது தெரியாமலா இருக்கும்?

2019-ல் நாடு முழுக்க 13 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில், ஏதாவது ஒரு வகைப் புகையிலைப் பழக்கம் இருந்தவர்கள் பையன்களில் 9.6 சதவீதம், பெண்களில் 7.4. இவ்வளவு திட்டியும் வித்தியாசம் அவ்வளவுதான். வளரும் வயதில் நிகோடின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் மனசு அமைதியாகிறது என்று அவள் நம்புவது, முந்தின சிகரெட் கிளப்பிவிட்ட தவிப்பு அடங்குவதைத்தான். இதை யாராவது உட்கார்ந்து சொன்னால் புரியும், துரத்திவிட்டால் எப்படிப் புரியும்?

கடைக்காரரை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? பள்ளி, கல்லூரியில் இருந்து 100 கெஜத்துக்குள் விற்கக்கூடாது, 18 வயது ஆகாதவருக்கு எங்கேயும் விற்கக்கூடாது என்று 2003 சட்டமே இருக்கிறது. 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டத்தில், 18 வயது ஆகாதவருக்குக் கொடுத்தால் 7 வருடம் வரை சிறை. சில்லறையாக ஒன்று வாங்குகிறவள் கையில் பாக்கெட்டே வருவதில்லை, அதில் 85 சதவீதம் அடைத்து அச்சடிக்கிற எச்சரிக்கைப் படத்தை அவள் எங்கே பார்க்க?

1800 11 2356, புகையிலையை விட உதவும் இலவச எண். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வீட்டுக்குப் போன் போடும் முன் பிள்ளையிடம் பேசுங்கள். என் அக்கா மகளோடு பங்கு போட்ட இரண்டு பேரும் இன்னும் அந்த விடுதியில்தான் இருக்கிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்களாகவே வந்து சொல்கிற மாதிரி உங்கள் ஆபீஸ் கதவைத் திறந்து வையுங்கள்.