கையில் பூவோடு போ, மகளே

கோயம்புத்தூர்,
செப்டம்பர் 14

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். அக்டோபரில் நான்கு நாள் விடுப்பு கிடைத்திருப்பதாகவும், மாப்பிள்ளையுடன் மாட்ரிட்டிலிருந்து சரகோசாவுக்குப் போய்வர எண்ணியிருப்பதாகவும் நீ தொலைபேசியில் சொன்ன நாள் முதல் எனக்கு வேறு நினைவே இல்லை. உன் அப்பாவின் வேலை நிமித்தம் 1997 முதல் மூன்று ஆண்டுகள் நாம் அந்த ஊரில்தான் குடியிருந்தோம். உனக்கு நடை பழகியதும் பேச்சு வந்ததும் எப்ரோ ஆற்றங்கரையில்தான் என்றாலும், உனக்கு அதில் ஒன்றும் நினைவிருக்காது. உனக்காகவும் சேர்த்து நினைவில் வைத்திருப்பவள் நான் என்பதால், தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஊருக்குப் போக அக்டோபரைவிட நல்ல மாதம் கிடையாது. கோடையின் கொளுத்தும் வெயில் தணிந்திருக்கும். குளிர் இன்னும் கடுமையாகியிருக்காது. அதைவிட முக்கியமாக, அக்டோபர் 12ஆம் தேதியை நடுவில் வைத்து ஒன்பது நாள் போல நடக்கும் பிலார் திருவிழா அப்போதுதான் வரும். பிலார் என்றால் தூண். கிறிஸ்து பிறந்து 40ஆம் ஆண்டில், எப்ரோ கரையில் மனம் சோர்ந்திருந்த, இயேசுவின் சீடரான புனித யாகப்பருக்கு மாதா ஒரு தூணின்மேல் நின்று காட்சி கொடுத்தாள் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. அந்தத் தூணைச் சுற்றித்தான் கோயில் எழுந்தது. கோயிலைச் சுற்றித்தான் ஊரின் வாழ்வே நடக்கிறது. வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது பிலார் என்று பெயர் இருக்குமோ என்று தோன்றும். 12ஆம் தேதி அவர்கள் எல்லோருக்கும் நாமத் திருநாள். பார்க்கிறவர்கள் எல்லோரும் வாழ்த்துச் சொல்வார்கள்.

அன்றுதான் மலர்க் காணிக்கை. 1958இல் தொடங்கிய வழக்கம் அது. ஒரு கோயில் ஊரின் கணக்கில் புதியதுதான். ஆனால் அதைப் பார்க்கிற யாருக்கும் அது காலங்காலமாக நடந்துவருவது என்றே தோன்றும். கோயில் முன்னுள்ள பெரிய சதுக்கத்தில் இரும்புச் சட்டங்களால் மலைபோல ஒரு கட்டமைப்பை நிறுத்தி, அதன் உச்சியில் தூணின்மேல் மாதாவின் திருவுருவத்தை வைத்திருப்பார்கள். விடிந்ததிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாகப் பல தெருக்கள் வழியாக நடந்து வந்து, கையில் கொண்டுவந்த பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலையில் வெறும் கம்பியாக நிற்கும் அந்தக் கட்டமைப்பு, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூவால் மூடிக்கொண்டே வந்து, இருட்டும் நேரத்தில் மாதாவின் காலடியிலிருந்து தரை வரை விரிந்து கிடக்கும் ஒரு மேலாடையாகிவிடும். சமயபுரத்தில் பூச்சொரிதல் பார்த்து வளர்ந்தவளான எனக்கே மூச்சு நின்றுபோனது.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். முதலாண்டு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தடுப்புக்கு வெளியே நின்று வேடிக்கைதான் பார்த்தேன். நம் சாமி இல்லை, நம் ஊர் இல்லை, நமக்கென்ன உரிமை என்ற கூச்சம் எனக்கு இருந்தது. மறு ஆண்டு 12ஆம் தேதி காலையில் நான்காம் மாடியில் தனியாகக் குடியிருந்த மூதாட்டி ஒருவர் கதவைத் தட்டினார். பூவேலைப்பாடு செய்த பாவாடையும், தோளில் குறுக்காகக் கட்டிய குஞ்சம் வைத்த சால்வையும், காலில் கயிற்றுச் செருப்புமாக, சரகோசா இருக்கும் அரகோன் நாட்டு உடையில் நின்றவர், என் கையில் ஒரு கொத்து வெள்ளைக் கார்னேஷன் பூவைக் கொடுத்துவிட்டு, "உன் நாட்டு உடை உன்னிடம் இல்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு ஒரு செய்தி தெரிந்தது. காணிக்கை ஊர்வலத்தில் நடப்பவர்கள் பாரம்பரிய உடையில் வர வேண்டும் என்பதுதான் முறை; அது அரகோன் உடையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பெயினின் பிற மாநிலத்தார் அவரவர் உடையிலும், தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் நாட்டு உடையிலும் வருவார்கள். சேலை இருக்கும்போது எனக்கென்ன குறை? கால் மணி நேரத்தில் என் கல்யாணப் பட்டை உடுத்திக்கொண்டு கீழே இறங்கினேன்.

சதுக்கத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியெல்லாம் கிட்டாரும் பந்தூர்ரியா என்ற சிறு நரம்பு வாத்தியமும் வாசித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கோத்தா என்ற அவ்வூர் நாட்டுப்புற ஆட்டம் ஆடிக்கொண்டு வந்தவர்கள் பலர். பூங்கொத்தின் அடியை ஈரத்துணியில் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றியிருந்தார்கள். என் உள்ளங்கை முழுக்கச் சில்லென்று ஈரம். பக்கத்தில் நடந்த அந்த மூதாட்டி அவ்வப்போது பூவை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பார்க்கக் கூடாது" என்று உன் பாட்டி அதட்டுவது என் காதில் கேட்டது. ஆனாலும் அவர் முகத்திலிருந்த நிறைவைப் பார்த்தபோது அதில் தவறொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டமைப்பின் அருகே போனதும் பணியாளர்கள் ஒவ்வொருவர் கையிலிருந்தும் கொத்தை வாங்கி, தாளை உருவிவிட்டு, காம்புகளைக் கம்பி வலைக்குள் நெருக்கமாகச் செருகிக்கொண்டே போனார்கள். நசுங்கிய பச்சைக் காம்பின் மணம்தான் அங்கே பூமணத்தைவிட மிகுந்திருந்தது. என் கொத்து எந்த இடத்தில் போயிற்று என்று ஒரு நொடி கண்ணால் பிடித்துவைத்தேன். அடுத்த நொடி அதன்மேல் வேறொருவர் பூ வந்துவிட்டது.

ஆகவே மகளே, நீ கேமராவும் கையுமாகத் தடுப்புக்கு வெளியே நிற்காதே. நகராட்சி ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் விழா அறிவிப்பைப் பார்த்து, குழுவாகவோ தனியாகவோ சேர்வதற்கு என்ன முறை, எந்தத் தெரு வழியாக எந்த நேரத்தில் நுழைய வேண்டும் என்பதை இப்போதே தெரிந்துகொள். பூவை முதல்நாள் மாலையிலேயே வாங்கித் தண்ணீரில் வைத்துவிடு. 12ஆம் தேதி ஸ்பெயின் முழுவதற்கும் தேசிய விடுமுறை என்பது உனக்குத் தெரியும். பெரும்பாலான கடைகள் திறந்திருக்காது.

அன்று கூட்டம் எவ்வளவு இருந்தாலும் கோயிலுக்குள்ளும் போய்வா. உள்ளே இருக்கும் மூலத் திருவுருவம் முழங்கை உயரம்கூட இராத சின்னஞ்சிறு மரச் சிற்பம். மற்ற நாட்களில் தூணைச் சுற்றி ஒரு மேலாடை போர்த்தியிருப்பார்கள். பக்தர்கள் காணிக்கையாகத் தந்த அத்தகைய ஆடைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, நாள்தோறும் மாற்றுவார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் 2, 12, 20 ஆகிய மூன்று தேதிகளில் மட்டும் ஆடை இல்லாமல் தூண் தெரியும்படி விட்டிருப்பார்கள். வெளியே ஊரே சேர்ந்து பூவால் ஆடை நெய்துகொண்டிருக்கிற அதே நாளில், உள்ளே அவள் ஆடையின்றித் தூணின்மேல் நிற்கிறாள் என்பதை நான் மூன்றாம் ஆண்டில்தான் கவனித்தேன். இன்றுவரை அந்த விழாவைப் பற்றி நினைத்தால் முதலில் மனத்தில் வருவது அதுதான். சந்நிதிக்குப் பின்புறம் போனால் தூணின் ஒரு சிறு பகுதி மட்டும் தெரியும்படி ஒரு திறப்பு இருக்கும். பல நூற்றாண்டுகளாக மக்கள் முத்தமிட்டு முத்தமிட்டு அந்தக் கல் குழிந்துபோயிருக்கிறது. விரலால் தொட்டுப் பார். பக்கத்திலேயே ஓவியர் கோயாவின் கைவண்ணத்தைக் காண அண்ணாந்து பார்க்க வேண்டும். 1772இல் இளைஞராக வந்து தீட்டிய விதானம் ஒன்றும், 1780–81இல் தீட்டிய கும்மட்டம் ஒன்றும் அங்கே இருக்கின்றன. 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாட்களில் கோயில்மேல் வீசப்பட்டு வெடிக்காமல் போன இரண்டு குண்டுகளையும் தூணில் மாட்டிவைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அதைப் பார்க்க விரும்புவார்.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் நற்கருணை வாங்கும் வயதை எட்டாத குழந்தைகளை, செந்நிற அங்கி அணிந்த பாடகர் குழுச் சிறுவர்கள் கையைப் பிடித்தோ தூக்கியோ மாதாவின் ஆடையருகே கொண்டுபோவது அங்கே வழக்கம். இரண்டு வயதில் உன்னையும் அப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள். நாம் யார், எந்த மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீ அழாமல் அந்த ஆடையின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாய். அன்று உன் மணிக்கட்டில் கட்டிய பச்சை நாடா இப்போதும் என் நகைப்பெட்டியில் இருக்கிறது. மாதாவின் திருவுருவம் எத்தனை உயரமோ அத்தனை நீளத்துக்கு வெட்டிய நாடா அது. அதற்குப் பெயரே "மாதாவின் அளவு" என்பதுதான். கையில் கட்டிக்கொள்வார்கள், தொட்டிலில் கட்டுவார்கள், கார் கண்ணாடியில் தொங்கவிடுவார்கள். கோயில் கடையில் எல்லா நிறத்திலும் கிடைக்கும். எனக்கு ஒன்று வாங்கி வா; எந்த நிறமானாலும் சரி.

பலர் 12ஆம் தேதி மாலையே ரயிலேறிவிடுகிறார்கள். நீங்கள் 13ஆம் தேதியும் தங்குங்கள் என்பது என் வேண்டுகோள். காலையில் கனிக் காணிக்கை இருக்கும். பிற மாநிலங்களிலிருந்து வந்து அவ்வூரில் வாழ்பவர்களின் சங்கங்கள் தத்தம் ஊரின் பழங்களையும் விளைபொருட்களையும் கொண்டுவந்து படைப்பார்கள். 1949இல் தொடங்கிய இது மலர்க் காணிக்கைக்கு மூத்தது. இரவில் கண்ணாடி ஜெபமாலை ஊர்வலம் வரும். ஜெபமாலையின் மறைபொருள்களைச் சித்திரிக்கும் பெரிய வண்ணக் கண்ணாடித் தேர்கள் உள்ளே விளக்கெரியத் தெருவில் நகர்ந்து வரும். முன்னும் பின்னும் மக்கள் கையில் கண்ணாடி விளக்கேந்தி ஜெபித்தபடி நடப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடந்துவருவது. முதல்நாள் அத்தனை ஆரவாரத்தைப் பார்த்த அதே தெருவில், கல்பாவிய தரையின்மேல் சிவப்பும் நீலமுமாக ஒளி விழுந்து மெல்ல நகர்வதைப் பார்க்கையில் யாருக்கும் சத்தமாகப் பேசத் தோன்றாது. இந்த ஊர்வலத்தை ஒதுங்கி நின்றுதான் பார்க்க வேண்டும். குறுகலான தெரு மூலையில் நில்.

காலை வேளைகளில் எங்காவது குழந்தைகளின் கூச்சல் கேட்டால் அங்கே ஓடு. இராட்சத அரசர் அரசியர் உருவங்கள் ஆடிக்கொண்டு வர, அவற்றுக்கு முன்னால் பெருந்தலை பொம்மைகளை மாட்டியவர்கள் கையில் சாட்டையோடு பிள்ளைகளைத் துரத்துவார்கள். ஒவ்வொரு தலைக்கும் தனிப் பெயர், தனிக் கேலிப்பாட்டு. பிள்ளைகள் அதைப் பாடிச் சீண்டிவிட்டு ஓடுவார்கள். பெரியவர்களானதும் தங்கள் பிள்ளைகளை அழைத்துவந்து அதே பாட்டைச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பழைய உருவங்களைச் செய்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெலிக்ஸ் ஒரோஸ் என்ற சிற்பி. கோத்தா ஆட்டம் சதுக்க மேடைகளில் நாள்தோறும் உண்டு. ஆட்டத்தில் கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. ஆனால் நீ பாட்டையும் கவனி. நாலடிப் பாடலைத்தான் அடிகளைத் திருப்பித் திருப்பி ஏழடியாக விரித்துப் பாடுகிறார்கள். காளைச்சண்டையும் விழாவில் உண்டு; நான் போனதில்லை, போகச் சொல்லவும் மாட்டேன்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. நீ சைவம் என்பதால் போர்ராஹா என்று கேள். அது கீரைத்தண்டு போன்ற காய். உருளைக்கிழங்கோடு வேகவைத்து ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். ரொட்டித்துகளை வதக்கித் திராட்சையோடு தரும் மிகாஸ் நன்றாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் இறைச்சி சேர்த்திருப்பார்கள், கேட்டு வாங்கு. கலாந்தா பீச் பழத்துக்கு அக்டோபர்தான் பருவம். மரத்திலிருக்கும்போதே ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாகக் காகித உறை மாட்டி, பூச்சியும் மருந்தும் படாமல் பழுக்க வைக்கிறார்கள். மஞ்சளாக, கெட்டியாக, கையகலம் இருக்கும். அப்பாவுக்கு அதோகின் மிட்டாய் வாங்கி வா. தெருவில் பாவும் கருங்கல்லின் பெயரை வைத்த பெரிய கட்டி மிட்டாய்; உறையின் மேல் மாதா படமும் உள்ளே ஒரு கோத்தாப் பாட்டும் இருக்கும். அப்பா பாட்டை உரக்கப் படித்துவிட்டுத்தான் மிட்டாயைப் பிரிப்பார்.

அந்த நாளில் மாட்ரிட்டிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் போல ஆகும். 2003இல் அதிவேக ரயில் வந்தபின் ஒன்றேகால் மணி நேரம்தான் என்கிறார்கள். அறை கிடைக்கவில்லையென்றாலும் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் டிக்கெட்டை இந்த வாரமே எடுத்துவிடு. ஒரு மாலையாவது கற்பாலத்துக்கு அக்கரை போய், கோயிலின் கும்மட்டங்களும் கோபுரங்களும் ஆற்றில் தெரிவதைப் பாருங்கள். வடமேற்கிலிருந்து சியெர்சோ என்ற காற்று ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக அடிக்கும். வெயில் இருக்கும்போதே காதைக் குத்தும்.

அதனால் பார்சலில் என் பழுப்பு நிறச் சால்வையையும் வைத்திருக்கிறேன். அடியில் இருப்பது அந்தக் கல்யாணப் பட்டுதான். ரவிக்கையை உன் அளவுக்கு இரண்டு பக்கமும் பிரித்துத் தைத்துவிட்டேன். தலைப்பில் வலப்பக்கம் ஒரு சின்னப் பச்சைக் கறை தெரியும். கார்னேஷன் காம்பு பட்டது, எத்தனை முறை சலவைக்குப் போட்டும் போகவில்லை. மடிப்பில் அதை உள்பக்கமாக விட்டுக்கொள். ஊசி ஒரு டஜன் தனியாக வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும், கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கியே கட்டு.

அன்புடன்,
அம்மா