மருத்துவமனை வராந்தாவில் என்னோடு ஜெபித்த அம்மாவுக்கு நன்றி

என் தாயாரின் இதய அறுவைச் சிகிச்சை முடியும்வரை பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் தனியே உட்கார்ந்திருந்த என்னிடம், என் தாயாரின் பெயரைக் கேட்டு ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்ட அம்மாவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று வேதாகமத்தில் யாக்கோபின் நிருபம் 5:14 சொல்வதை ஞாயிறு பள்ளியிலேயே படித்திருந்தும், ஜெபத்தை நான் வீட்டு அறைக்குள் முடிந்துவிடும் ஒன்றாகவே வைத்திருந்தேன். நீங்களோ 121ஆம் சங்கீதத்தை மெல்லச் சொல்லி, நான் அழுதபோது நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்தீர்கள். சுகம் கிடைத்தே தீரும் என்று வாக்குக் கொடுக்காமல், எது வந்தாலும் தாங்கும் பெலனையே எனக்காகக் கேட்டீர்கள். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மறுநாள் விடியற்காலையில் மணியடித்ததும் உங்கள் ஊர் ஆலயத்தில் கூடுகிறவர்கள் என் தாயாரின் பெயரையும் சொல்லி ஜெபிப்பார்கள் என்றீர்கள். அவர்களில் ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

என் தாயார் இப்போது வீட்டில் நடமாடுகிறார்கள். நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதன் முதல் வரியில் ‘வராந்தாவில் ஜெபித்த அம்மா’ என்று எழுதியிருக்கிறேன்.